சுப்பிரமணிய சிவாவும் அவரைத் தாங்கிய நட்பும்

தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட தருமபுரி நாடு, புலவர் நட்புக்குப் பெயர்பெற்ற நாடாகும். அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட மண் இது. அவன்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அந்நட்பு ஒருவழிப்பட்டதன்று என்பதை உலகுக்கு உணர்த்தினார். சங்ககாலத்தில் சிறந்து விளங்கிய அம்மரபு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் மீண்டும் தளிர்த்தது. இம்முறை நட்பைப் பெற்றவர் அரசவைப் புலவர் அல்லர். சிறைவாழ்வும் தொழுநோயும் உடலைச் சிதைத்த பின்னரும் எழுதுகோலைக் கீழே வையாத வீரத்துறவி சுப்பிரமணிய சிவா. நட்பை அளித்தவரும் வேந்தர் அல்லர்; எளிய ஊர்மக்களே ஆவர்.

பிறப்பும் இளமையும்

சிவா 1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் வத்தலக்குண்டில் பிறந்தார். தந்தையார் ராஜமையர், தாயார் நாகம்மாள். ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்னும் நாவலைப் படைத்த பி. ஆர். ராஜமையரும் அவ்வூரினரே, அவர் வேறு, சிவாவின் தந்தையார் வேறு. பெற்றோர் இட்ட சுப்பராமன் என்னும் பெயர் பின்னர்ச் சுப்பிரமணிய சிவா என மாறி நிலைத்தது. மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் கல்வி பயின்ற அவர், அலுவலக வாழ்வில் மனம் பொருந்தவில்லை. திருவனந்தபுரத்தில் தர்ம பரிபாலன சமாஜம் என்னும் அமைப்பை ஏற்படுத்தி, இளைஞர்களிடையே நாட்டுப்பற்றை வளர்த்தார். அதனால் திருவிதாங்கூர் எல்லையை விட்டு வெளியேற நேர்ந்தது. ஊர் ஊராக நடந்து சொற்பொழிவாற்றிய அவர், 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடியை அடைந்தார்.

குற்றமெனப்பட்ட நட்பு

தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்திருந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, சிவாவின் நாவன்மையைக் கண்டு அவரைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்துக்கொண்டார். ஒருவர் கப்பலோட்டிய வழக்கறிஞர். மற்றவர் உடைமை ஏதுமில்லாத நாடோடி. எனினும் இருவரும் கடற்கரையில் ஒரே மேடையில் நின்று பேசினர். அவ்வாண்டு பிப்ரவரியில் தொடங்கிய கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் பின்னணியில் இவ்விருவரின் பேச்சே நின்றது. மார்ச் 12ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டனர்.

அவ்வழக்கின் தீர்ப்பு, இலக்கிய நட்பைப் பற்றிச் சிந்திப்போர் ஊன்றி நோக்குதற்குரியது. சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. வ. உ. சி.க்கு அரச நிந்தனைக்காக ஓர் ஆயுள் தண்டனையும், சிவாவுக்கு உடந்தையாயிருந்து உதவியமைக்காக மற்றோர் ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. பேசும் ஒருவனுக்குச் சோறும் கூரையும் அளிப்பதன் ஆற்றலை அந்நாளைய ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர் என்பது இதனால் புலனாகும். மேல்முறையீட்டில் இருவர் தண்டனையும் ஆறாண்டுகளாகக் குறைந்தன.

சிறை சிவாவுக்கு அளித்தது தொழுநோய். 1912 நவம்பர் 2ஆம் நாள் விடுதலை பெற்றபோது அவர் உருவமே மாறியிருந்தது. அடுத்த மாதம் 24ஆம் நாள் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வ. உ. சி. வெளிவந்தார். ஒருகாலத்தில் அவர் பேச்சைக் கேட்கத் திரண்ட பெருங்கூட்டம் அன்று வரவில்லை. சிறைவாயிலில் எதிர்கொண்ட மிகச்சிலருள் சிவாவும் ஒருவர். நோயால் உருமாறிய நண்பரை வ. உ. சி. முதலில் அடையாளம் காணவில்லை என்பர். கூட்டம் கலைந்த பின்னும் நிற்பவரே உற்றார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

‘ஞானபாநு’ என்னும் பந்தல்

தமக்குக் கிடைத்த ஆதரவைச் சிவா தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சென்னையில் குடியேறி, 1913ஆம் ஆண்டில் ‘ஞானபாநு’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். அந்நாளில் பாரதியார் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தார். அவர் நடத்திய ‘இந்தியா’ இதழ் 1910ஆம் ஆண்டிலேயே நின்றுபோயிற்று. பாட்டும் உரைநடையும் பெருக எழுதியும் அவற்றை வெளியிட இடமின்றி அவர் வருந்திய காலம் அது. அரசின் ஐயப்பார்வைக்கு அஞ்சி, அவர் பெயரை அச்சிடத் தயங்கியோர் பலர். முன்னரே சிறைசென்று மீண்ட சிவாவுக்கோ அத்தகைய தயக்கம் இருந்ததில்லை. பாரதியாரின் படைப்புகளை ‘ஞானபாநு’ ஏற்று வெளியிட்டது. நகைச்சுவை மிளிரும் ‘சின்னச் சங்கரன் கதை’ அவ்விதழில்தான் வெளிவந்தது. அது முற்றுப்பெறாது நின்றது தமிழின் இழப்பேயாகும். தொழிலையும் வழக்கறிஞர் உரிமையையும் இழந்து வறுமையுற்றிருந்த வ. உ. சி.க்கும் அவ்விதழ் எழுத இடமளித்தது.

நண்பர் படைப்பைப் புகழ்வது எளிது. அதனை அச்சேற்றி, தாளுக்கும் மைக்கும் பணம் தேடி, வரக்கூடிய இடரையும் ஏற்பது அரிது. சிவா செய்தது பின்னது. ஆயினும் பொருள்வலிமை இல்லாத முயற்சி நெடிது நிலைக்கவில்லை. ‘ஞானபாநு’ சில ஆண்டுகளில் நின்றது. அதன் பின்னர் ‘பிரபஞ்ச மித்திரன்’ இதழை நடத்தினார். அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. இதற்கிடையே 1915ஆம் ஆண்டில் அவர் மனைவியார் மீனாட்சியம்மையார் மறைந்தார். துயர்களுக்கிடையிலும் நாவலும் நாடகமும் வேதாந்த நூல்களும் எழுதுவதைச் சிவா கைவிடவில்லை. படைக்கும் ஆற்றல் அவரிடம் குறையவே இல்லை. அதனைத் தாங்கி நிற்கும் வட்டமே போதிய அளவு அமையவில்லை.

பாப்பாரப்பட்டி

1921ஆம் ஆண்டில் காவியுடுத்திச் சுதந்திரானந்தர் என்னும் துறவுப்பெயர் பூண்ட சிவா, அவ்வாண்டிலேயே மீண்டும் சிறைப்பட்டு, நோயின் கடுமையால் 1922 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார். தொழுநோயாளர் என்பதால் இரயிலில் செல்லத் தடைவிதிக்கப்பட்டது. புண்பட்ட கால்களால் நடந்தும் கட்டைவண்டியில் சென்றும் அவர் நாடெங்கும் சுற்றினார். தொழுநோய்க்கு முழுமையான மருந்து காணப்படாத காலம் அது. நோயுற்றவரை வீட்டார் விலக்குவதும் ஊரார் ஒதுக்குவதும் இயல்பாயிருந்தன.

அத்தகைய காலத்தில் அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பாப்பாரப்பட்டி அவருக்கு இடமளித்தது. சின்னமுத்து முதலியாரும் ஊர் அன்பர்களும் அவரை ஏற்றுப் போற்றினர். ஊரருகே நிலம் வாங்கப்பட்டுப் பாரதபுரம் எனப் பெயரிடப்பட்டது. பாரத ஆசிரமம் அமைந்தது. அங்கே பாரத தேவிக்கு ஒரு கோயில் எழுப்ப விரும்பினார் சிவா. 1923ஆம் ஆண்டில் வங்கத்துத் தலைவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஒரு சிற்றூரின் நட்பு வட்டம் எத்துணைத் தொலைவு கைநீட்ட இயலும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

கோயிற்பணிக்குப் பொருள் திரட்ட அவர் அலைந்த அலைச்சல் உடலை மேலும் நலிவித்தது. இறுதிக்காலத்தில் மதுரைக்குச் சென்றிருந்தவர், முடிவு நெருங்கியதை உணர்ந்தவர்போலப் பாப்பாரப்பட்டிக்கே திரும்பினார். பிறந்த ஊரையோ, பேசிப் புகழ்பெற்ற நகரங்களையோ அவர் நாடவில்லை. தம்மை அருவருக்காத அன்பர்களையே நாடினார். 1925 ஜூலை 23ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. கனவு கண்ட கோயில் அவர் காலத்தில் எழவில்லை. பின்னாளில் அரசின் முயற்சியால் மணிமண்டபமும் பாரத மாதா நினைவாலயமும் அவ்வூரில் அமைந்தன.

வாழ்வு உணர்த்தும் உண்மை

சிவாவின் வாழ்வில் நட்பு மூவகையாய்ப் பயன்பட்டது. தூத்துக்குடியில் அது உணவும் உறையுளுமாக வந்தது. ‘ஞானபாநு’வில் நண்பர் எழுத்தைத் தாங்கும் ஏடாயிற்று. பாப்பாரப்பட்டியில் நோயுற்ற உடலைத் தொட்டுத் தூக்கும் கையாயிற்று. இவற்றுள் ஒன்றேனும் வெறும் பாராட்டுரை அன்று என்பது கருதத்தக்கது.

இலக்கிய வட்டங்கள் கூட்டம் நடத்துகின்றன, நூல் வெளியிடுகின்றன, பொன்னாடை போர்த்துகின்றன. அவை யாவும் வேண்டுவனவே. ஆயினும் நோயுற்று வரமுடியாத உறுப்பினரின் இல்லத்திற்குச் செல்வோர் எத்தனை பேர், அச்சேறாத அவர் கையெழுத்துப்படியைக் கேட்டு வாங்கிப் படிப்போர் எத்தனை பேர் என்னும் கணக்கே ஒரு வட்டத்தின் உண்மையான ஆண்டறிக்கையாகும். நெல்லிக்கனி ஈந்த நாட்டில், பாப்பாரப்பட்டி மக்கள் அக்கணக்கைக் குறைவின்றி நிறைவேற்றினர். அவர்தம் வழியில் நடப்பதே சிவாவின் நினைவுக்குச் செய்யும் வணக்கமாகும்.