ஏழையர்க்கு வாயில் திறந்த வில்லியம் பூத்

ஆலயத்திற்குச் செல்வது எளிது; ஆலயத்தில் கேட்டதை வீதியில் கடைப்பிடிப்பது அரிது. ஞாயிறுதோறும் தவறாது ஆலயம் செல்லும் கிறித்தவப் பெருமக்கள் உலகெங்கும் உளர். அவர்கள் வணங்கும் இயேசு பெருமான் ஏழையரோடும் ஒதுக்கப்பட்டோரோடும் உடனிருந்து உண்டவர் என்பதனை அவர்கள் நன்கறிவர். ஆயினும், கந்தலாடை உடுத்த ஏழை ஒருவன் தம் அருகில் வந்து அமர்ந்தால் அவர்களுள் எத்துணைப் பேர் இடங்கொடுப்பர்? இவ்வினாவை இங்கிலாந்து நாட்டுத் திருச்சபைகளின் முன் எழுப்பி, அதற்காகவே வாழ்ந்தவர் வில்லியம் பூத் ஆவார். இரட்சணிய சேனையை நிறுவிய அப்பெரியாரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நன்று எனக் கருதி, இவ்வெள்ளி விழா மலரில் அதனைச் சுருங்க உரைக்க முற்பட்டோம்.

வில்லியம் பூத் 1829-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரை அடுத்த சினெய்ன்டனில் பிறந்தார். தந்தையார் வீடு கட்டும் தொழிலில் பொருளிழந்தமையால் குடும்பம் வறுமையுற்றது. பதின்மூன்றாம் வயதில் பள்ளிப் படிப்பை விட்டு, அடகுக் கடையொன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார் பூத். ஒரு வேளை உணவுக்காகப் போர்வையையும் சட்டையையும் அடகு வைக்க வரும் எளியோரை அவர் நாள்தோறும் கண்டார். வறுமை என்பது புத்தகத்தில் கற்ற பாடமாக அவருக்கு அமையவில்லை. தம் கைகளாலேயே அதனை வாங்கிக் கணக்கெழுதி வைத்தார்.

மெதடிஸ்டு சபையில் இறைப்பற்று மிக்கவராய் வளர்ந்த பூத், 1846-ஆம் ஆண்டளவில், பதினேழு வயது நிரம்பிய நிலையில், சேரிப் பகுதியின் ஏழைச் சிறுவர் கூட்டமொன்றை அழைத்துக்கொண்டு தம் ஆலயத்தின் முன்வாசல் வழியே உள்ளே சென்றார். நல்ல இருக்கைகளில் அவர்களை அமர்த்தினார். அக்காலத்தில் அந்நாட்டு ஆலயங்களில் வசதியுடையோர் வாடகை செலுத்தி இருக்கைகளைத் தமக்கென வைத்துக்கொள்வது வழக்கம். சபைப் பெரியோர் முகஞ்சுளித்தனர். இனி இத்தகையோரை அழைத்து வருவதாயின் பின்வாசல் வழியே கொணர்ந்து, பிறர் கண்ணிற்படாத பலகைகளில் அமர்த்துமாறு அவரைப் பணித்தனர். தனிவாசலும் தனியிருக்கையும் நமக்குப் புதியன அல்ல. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்து ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-ஆம் ஆண்டில்தான் இடிக்கப்பட்டது. எனவே அந்நாட்டிங்காம் சிறுவர்களின் மனநிலையை நாம் எளிதில் உணரலாம்.

பூத் 1855-ஆம் ஆண்டில் கத்தரீன் மம்ஃபோர்டு அம்மையாரை மணந்தார். பெண்கள் மேடையேறிப் போதிப்பது தகாது எனக் கருதப்பட்ட அந்நாளில், 1860-ஆம் ஆண்டு முதல் போதிக்கத் தொடங்கிய துணிவுடையவர் அவ்வம்மையார். 1865-ஆம் ஆண்டில் அவ்விருவரும் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் பணியைத் தொடங்கினர். சாராயக் கடைகளும், நெருக்கமான குடிசைகளும், வேலையற்றோரும் நிறைந்த பகுதி அது. ஏழைகள் ஆலயத்திற்கு வாராராயின் ஆலயமே தெருவிற்குச் செல்லவேண்டும் என்பது பூத்தின் துணிபு. அவ்வமைப்பு 1878-ஆம் ஆண்டில் இரட்சணிய சேனை எனப் பெயர் பெற்றது. அதில் ஆண்களுக்கு நிகராகப் பெண்களும் அதிகாரிகளாயினர்.

எதிர்ப்புக் கடுமையாயிருந்தது. ஊர்வலங்கள் மீது கல்லும் அழுகிய பொருள்களும் வீசப்பட்டன. 1882-ஆம் ஆண்டில் மட்டும் சேனையைச் சார்ந்தோர் 600-க்கும் மேற்பட்டோர் தாக்குண்டனர். அடித்தவரை விடுத்து அடிபட்டவரையே அதிகாரிகள் தண்டித்த இடங்களும் உண்டு. அவ்வாண்டில் வெஸ்டன்-சூப்பர்-மேர் என்னும் ஊரில் ஊர்வலம் சென்றோர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டபோது, வழக்கு இலண்டன் உயர்நீதிமன்றம் வரை சென்றது. அமைதியாகச் செல்வோரைப் பிறர் தாக்கக்கூடும் என்பதற்காக, அவர்தம் செயலைக் குற்றமாக்க இயலாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. பொதுத் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராடிய மக்களாகிய நாம் மனத்திற்கொள்ள வேண்டிய தீர்ப்பு இது.

இரவில் பாலத்தடியில் குளிரில் படுத்திருந்தோரைக் கண்டு மனம் நொந்த பூத், 1888-ஆம் ஆண்டில் லைம்ஹவுஸ் பகுதியில் இரவுத் தங்குமிடம் அமைத்தார். 1890-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் நாட்டையே உலுக்கியது. இங்கிலாந்து மக்களில் பத்தில் ஒரு பங்கினர், ஏறத்தாழ 30 இலட்சம் பேர், வறுமையில் மூழ்கியுள்ளனர் என்று அதில் எடுத்துரைத்தார். இலண்டன் நகரத்து வாடகை வண்டிக் குதிரை கீழே விழுந்தால், அது ஏன் விழுந்தது என எவரும் வழக்காடுவதில்லை, தூக்கி நிறுத்துகின்றனர். அதற்கு உணவும் இருப்பிடமும் வேலையும் உண்டு. அக்குதிரைக்குக் கிட்டுவதேனும் மனிதனுக்குக் கிட்டவேண்டும் என்பதே அவர் கோரிக்கை. அந்நூல் வெளிவந்த அதே மாதத்தில் கத்தரீன் அம்மையார் புற்றுநோயால் மறைந்தார். பூத் தம் பணியை நிறுத்தவில்லை.

அந்நாளில் தீப்பெட்டித் தொழிலில் வெண்பாஸ்பரசு பயன்பட்டது. அதன் நச்சு, தொழிலாளரின் தாடை எலும்பை அழுகச் செய்தது. 1888-ஆம் ஆண்டில் கிழக்கு இலண்டன் தீப்பெட்டித் தொழிற்பெண்கள் தாமே வேலைநிறுத்தம் செய்து உரிமை கேட்டனர். பூத் 1891-ஆம் ஆண்டில் நச்சற்ற செம்பாஸ்பரசைக் கொண்டு தீப்பெட்டி செய்யும் தொழிற்சாலையைத் திறந்து, பிற முதலாளிகளைவிடக் கூடுதற் கூலி வழங்கினார். 1908-ஆம் ஆண்டில் வெண்பாஸ்பரசுத் தீக்குச்சிகளுக்குத் தடைச் சட்டம் பிறந்தது. அன்னமிடுவதோடு நில்லாமல், பசிக்கும் நோய்க்குமான காரணத்தையும் களைய முற்பட்டதே அவர் தொண்டின் தனிச்சிறப்பு.

அவர் குறைகளற்றவர் அல்லர். ஆணையிடுவதிலேயே பழகியமையால், பெற்ற மக்களுள் சிலரே அவரைவிட்டுப் பிரிந்தனர். 1882-ஆம் ஆண்டில் பம்பாயில் கால்வைத்த இரட்சணிய சேனை நம் நாட்டில் எளியோரிடையே பெருந்தொண்டாற்றியது. நாகர்கோவிலில் கத்தரீன் அம்மையாரின் பெயர் தாங்கிய மருத்துவமனை அதற்குச் சான்று. ஆயினும் அதே சேனை 1908-ஆம் ஆண்டு முதல், ஆங்கில அரசு குற்றப் பரம்பரையினர் என முத்திரையிட்ட மக்களின் குடியேற்றங்களை நடத்தும் பொறுப்பையும் ஏற்றது. அம்மக்கள் விரும்பி அங்கே வாழவில்லை, சட்டத்தால் அடைக்கப்பட்டனர். உதவி செய்வோர், உதவி பெறுவோரின் விருப்பத்தைக் கேட்கத் தவறினால், உதவியும் விலங்காகும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

முதுமையில் கண்பார்வை இழந்த பூத், 1912-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் மறைந்தார். அப்போது அவர் சேனை 58 நாடுகளில் பணியாற்றிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் கல்லெறிந்த நாடே இறுதியில் அவரைப் போற்றியது. 1905-ஆம் ஆண்டில் இலண்டன் நகரம் தன் கௌரவக் குடியுரிமையையும், 1907-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் டாக்டர் பட்டத்தையும் வழங்கின.

ஆலயம் செல்வோர் தம் சமயத்தை வாழ்ந்து காட்டுகின்றனரா என்னும் வினாவைப் பிறரை நோக்கி எழுப்புதல் எளிது. நம் பள்ளியில் ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாளில், சீருடை கிழிந்த பிள்ளைகளைப் பின்வரிசையில் அமர்த்தும் வழக்கம் இருந்தது. ஏழைக் குடியிற் பிறந்து ஆசிரியரான யாமும் அவ்வாறு செய்ததுண்டு. பூத்தின் வரலாற்றைக் கற்ற பின்னரே, யாம் அமைத்ததும் ஒரு பின்வாசலே எனத் தெளிந்தோம். அதன் பின்னர் அப்பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்தினோம். ஆய்வு குறைவின்றி நடந்தது. அப்பிள்ளைகளும் கைதூக்கி விடை சொன்னார்கள்.

இளைஞர்களே! நம் சங்கத்தின் உதவியால் கற்றுப் பணியிலமர்ந்தோர் நம்முள் பலர். அவர்களுள் ஆலயம் செல்வோரும் உளர். கோயிலுக்குச் செல்வோரும் உளர். எங்கும் செல்லாதோரும் உளர். நம் தெருவிலேயே கட்டணமின்றியும் புத்தகமின்றியும் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை ஒன்று இருக்குமாயின், அதனைக் கைப்பிடித்து அழைத்துவரும் பொறுப்பு அனைவர்க்கும் பொதுவேயாகும். அழைத்து வருங்கால், நம் சங்கக் கட்டடத்தின் முன்வாசல் வழியே அழைத்து வந்து, நமக்கு அருகிலேயே அமர்த்துவோமாக.