கானகம் காத்த பெருமாட்டி

பாலக்காட்டுக் கணவாய் வழியே தாயகம் சென்று திரும்பும் நம் காலனிக் குடும்பத்தினர், வடபுறம் நீல நிறமாய் நிற்கும் மலைத்தொடரைப் பன்முறை கண்டிருப்பர். அம்மலைகளுக்கிடையே அமைந்திருப்பது அமைதிப் பள்ளத்தாக்கு. அஃது இன்றும் காடாகவே நிற்பதற்குப் பாடுபட்டோர் பலர். அவர்களுள் ஒருவர் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள். அவ்வம்மையாரின் வாழ்வை இவ்வாண்டு விழா மலரில் சுருங்க உரைக்க விழைகிறோம்.

அம்மையார் 1897 நவம்பர் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் நீதித்துறை அலுவலர். இயற்கையில் ஈடுபாடு மிக்கவர். பெண்களுக்கு மணமே வாழ்வின் எல்லை என்றிருந்த அக்காலத்தில், ஜானகி அம்மாள் மணம் புரியாது கல்வியையே துணையாகக் கொண்டார். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார்; மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தார்; அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். இனிப்பு மிகுந்த கரும்பு நோய்க்கு எளிதில் இரையாகும். ஆற்றோரத்தில் தானே வளரும் காட்டுக் கரும்போ இனிப்பற்றது. ஆயினும் உரம் மிக்கது. இரண்டின் கலப்பால் நல்ல பயிர் பிறக்கும். அம்மையார் இவற்றின் குரோமோசோம்களை நுண்ணோக்கியால் ஆய்ந்தார். கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். களையென்று நாம் ஒதுக்கும் புல்லிலும் நாளைய உணவின் வித்து ஒளிந்திருக்கிறது என்பதே அவ்வாய்வு புகட்டும் பாடம்.

பின்னர் இங்கிலாந்து சென்று, போர்க்காலக் குண்டுவீச்சுக்கிடையிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் விவரங்களைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். நம் செண்பகத்தின் இனமாகிய மக்னோலியாவில் ஒரு வகை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பிரதமர் நேருவின் அழைப்பையேற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். உணவு விளைச்சலைப் பெருக்கும் முயற்சியில் நாடெங்கும் காடுகள் வெட்டப்பட்ட காலம் அது. ஷில்லாங்கிற்கு அப்பால் அரியதொரு மக்னோலியா மரத்தைத் தேடிச் சென்றார். அது தீக்கிரையாகியிருக்கக் கண்டார். வெட்டிய வயலில் மறுபடியும் பயிரிடலாம். அழிந்த இனத்தை மீட்பது யார்? இக்கவலை அவரை விட்டு நீங்கவில்லை.

முதுமையில் சென்னையையடுத்த மதுரவாயலில் தங்கி ஆய்வு செய்து வந்தார். அந்நாளில், அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டம் எழுந்தது. மலபார் மக்களுக்கு மின்சாரம் தேவையாயிருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆயின் ஏறத்தாழ 830 ஹெக்டேர்க் காடு நீரில் மூழ்கும் என்றனர். சிங்கவால் குரங்கு வாழும் மழைக்காடு அது. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும், கவிஞர் சுகதகுமாரியும், பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் அதனைக் காக்கக் குரல் கொடுத்தனர். எண்பதைக் கடந்த ஜானகி அம்மாளும் ஓய்ந்திருக்கவில்லை. தம் வாழ்நாள் கல்வியையே படைக்கலமாக ஏந்தி, அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆய்ந்து பதிவு செய்யத் துணிந்தார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமலே ஒரு கருவூலத்தை நீரில் அமிழ்த்தலாமா?

1984 பிப்ரவரி 7ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்நற்செய்தியைக் கேட்க அவர் இல்லை. அவர் காக்க விழைந்த காடு இருக்கிறது.

அணையினின்று தப்பிய காட்டுக்கும் அயல்நாட்டுச் செடிகளால் இடர் உண்டு. அழகுக்கெனக் கொணர்ந்த உண்ணிச்செடி பாலக்காட்டுக் காடுகளிலும், பட்டைக்கென நட்ட வாட்டில் மரம் இடுக்கி மாவட்டத்து மூணாற்று மலைகளிலும் பரவி, மண்ணுக்குரிய புல்லையும் மரத்தையும் நெருக்குகின்றன. அவற்றை ஆராய்ந்து அகற்ற முயலும் இன்றைய ஆய்வாளர், அம்மையார் விட்டுச் சென்ற பணியையே தொடர்கின்றனர்.

பிழைப்பு நாடி வந்த நமக்கும் இம்மலைகளின் நீரும் நிழலும் உரியவையாயின. நம் பெண்மக்கள் ஜானகி அம்மாளைப் போல் உயர்கல்வி கற்கட்டும். கற்ற கல்வியை, முதுமையிலும், நாட்டின் நலத்திற்கே ஈயட்டும். அதுவே அப்பெருமாட்டிக்கு நாம் செலுத்தும் கைம்மாறாகும்.