போப்பையரின் இல்லறமும் தமிழ்த்தொண்டும்

திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்த போப்பையரைப் பற்றிப் பேசுமிடத்து, தம் கல்லறையிலே தம்மைத் தமிழ் மாணவன் என்று பொறிக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார் என்னுங் கதையை நம்மவருட் பலர் வகுப்பிலே சொல்லி வருகின்றனர். மிஷன் பாடசாலையிற் கற்ற யாமும் இளமையில் அதனைக் கேட்டோம். ஆசிரியரான பின் பல்லாண்டு சொல்லியும் வந்தோம். அக்கல்லிலே அவ்வாசகம் இல்லை. அங்கே பொறிக்கப்பட்டிருப்பது யாதென்பதைக் கூறுமுன், அம்முதியவர் வாழ்ந்த வாழ்வை, அவர் இல்லத்தார் வாழ்வோடு சேர்த்துச் சிறிது சொல்லுவோம்.

ஜார்ஜ் உக்லோ போப்பு என்பது அவர் முழுப்பெயர். 1820ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 24ந் திகதி, இன்று கனடாவைச் சார்ந்திருக்கும் பிரின்ஸ் எட்வேர்ட் தீவிற் பிறந்து, சிறுவயதிலே பெற்றோருடன் இங்கிலாந்து சேர்ந்தார். 1839இல் கிறிஸ்துமத போதகராய்ச் சென்னைக்கு வந்து, பின் திருநெல்வேலிச் சீமையிலே சாயர்புரத்திற் கல்விச்சாலை நடத்தினார். 1841இல் மேரி கார்வர் என்னும் அம்மையாரை மணந்தார். நான்காண்டளவிலே, 1845இல், அவ்வம்மையார் தூத்துக்குடியில் இறந்தனர். அப்போது ஐயருக்கு வயது இருபத்தைந்து. 1849இல் சென்னையிலே ஹென்றியேற்றா வான் சோமரன் அம்மையாரை மணந்தார். ஏறக்குறைய அறுபதாண்டு நிலைத்த இல்லறம் அது.

தஞ்சையிலும், உதகமண்டலத்திலும், பெங்களூரிலும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் குடியிருந்து பள்ளிகளை நடத்தினார். கண்டிப்பு மிக்கவர் என்றே எங்கும் பெயர். தஞ்சையிலே கிறிஸ்தவர்களுக்குள் எழுந்த சாதி வழக்கில் அவர் காட்டிய கடுமை பலருக்கு மனக்கசப்பைத் தந்தது. ஊர் ஊராய்க் குடிபெயர்ந்த அக்காலமெல்லாம் இல்லத்தைத் தாங்கிய அம்மையாரைப் பற்றி நம்மவர் எழுதுவதில்லை, எழுதியிருத்தல் வேண்டும். புதல்வருள் மூவர் இந்தியப் பணிகளிலே பெயர் பெற்றனர்: ஒருவர் பர்மாவிலே கல்வித்துறைத் தலைவர், ஒருவர் புகையிரதப் பாதை அமைக்கும் எந்திரியர், ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் கண் வைத்தியப் பேராசிரியர்.

ஐயர் இங்கிலாந்துக்கு மீண்டபோது அறுபது வயதைக் கடந்திருந்தார். பிறர் ஓய்வை நாடும் பருவம் அது. அவருடைய பெருநூல்கள் மூன்றும் அதன் பின்னரே வெளிவந்தன. 1884 முதல் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையிலே தமிழுந் தெலுங்குங் கற்பித்துக்கொண்டு, 1886இல் திருக்குறளையும், 1893இல் நாலடியாரையும் ஆங்கிலமாக்கி அச்சிட்டார். திருவாசகத்தைத் தொடங்குங்கால், இத்தனை பெரிய வேலையை முடிக்கும்வரை உயிர் இருக்குமோ என்று ஐயுற்றார். பேலியல் கல்லூரித் தலைவராயிருந்த ஜோவெற்று என்பவர், பெரிய வேலையொன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுங்காலம் வாழும் வழியென்றும், முடியும்வரை வாழ்வீர் என்றும் தேற்றினார். தேற்றிய ஜோவெற்று 1893இல் இறந்தார். ஐயரோ 1900ஆம் ஆண்டு, தமது எண்பதாவது பிறந்தநாளிலே, அந்நூலின் முகவுரைக்குக் கையெழுத்திட்டார்.

அந்நூலிற் சைவசித்தாந்தத்தை விளக்கும் கட்டுரைகளும், உமாபதி சிவாசாரியர் அருளிய திருவருட்பயனின் மொழிபெயர்ப்பும் உள்ளன. நம் சமயத்தை மேனாட்டார் மதிக்கும்படி செய்தவற்றுள் அது தலையாயது. ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. அவர் இறுதிவரை கிறிஸ்தவராகவே இருந்தார். திருவள்ளுவர் கிறிஸ்தவ போதகரோடு பழகி அவர் கருத்துக்களை ஏற்றிருப்பார் என்று அவர் எழுதியதை யாம் ஏற்கமாட்டோம். அதற்குச் சான்று இல்லை. அவரைச் சைவராக்கிக் காட்டும் புனைவும், அவர் சொல்லாததைச் சொன்னார் என்னும் புனைவும் நமக்கு வேண்டாதன. பிற சமயத்தவர் ஒருவர் தம் சமயத்தில் நின்றுகொண்டே மணிவாசகர் திருவடியிற் பல்லாண்டு உழைத்தார் என்பதை உள்ளவாறே மாணாக்கர்க்குச் சொன்னாற் போதும். யாமும் எம் வகுப்பிலே முன்னர்ச் சொன்னதைத் திருத்திக் கூறினோம். மாணாக்கன் ஒருவன், அப்படியானால் அந்தக் கல்லில் என்னதான் இருக்கிறதென்று கேட்டான்.

ஐயர் 1908ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலே, எண்பத்தெட்டாம் பிறந்தநாளுக்கு இரண்டு மாதமளவு முன்னராக, ஒக்ஸ்போர்டிற் காலஞ்சென்றார். அந்நகரத்துச் சென்ற் செபல்கர் மயானத்திலே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. அவர் தென்னிந்தியாவுக்கு உரியவர் என்றும், கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் வாழ்நாளெல்லாம் உழைத்தார் என்றும் அக்கல் கூறுகின்றது. அதனை நாட்டினோர் அவர் குடும்பத்தாரும், தென்னிந்தியாவிலுள்ள தமிழன்பர்களும் என்று இரு திறத்தாரையும் ஒருங்கே குறிக்கின்றது. 1911இல் ஹென்றியேற்றா அம்மையாரும் இறந்து, கணவர் பக்கலில் அங்கேயே அடக்கம் பெற்றனர்.