கயிறும் கல்லும் கொண்டு காட்சி மாற்றிய ஜாக்கொமோ தொரெல்லி

கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குபவன் நான். காட்சி மாறும்போது தட்டிகளை யார் மாற்றுவது என்ற கேள்வி ஒவ்வொரு மேடையேற்றத்தின் போதும் எங்களுக்கு வரும். நடிக்கவே ஆள் போதாத ஊரில் தட்டி தள்ள ஆளுக்கு எங்கே போவது? மோட்டார் பூட்டலாம் என்பார்கள். அதற்குரிய காசும் தடைப்படாத மின்சாரமும் எல்லா ஊரிலும் இல்லை. இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 380 ஆண்டுகளுக்கு முன்னரே விடை கண்ட ஒரு மனிதரின் வாழ்வை எம்மவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜாக்கொமோ தொரெல்லி 1608ஆம் ஆண்டு இத்தாலியின் கிழக்குக் கரையோர நகரமான ஃபானோவில் பிறந்தவர். வெனிஸ் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் அவர் பணியாற்றியதாகச் சொல்லப்படுகிறது. பாயும் கயிறும் கப்பியும் பாரம் தூக்கும் முறையும் நன்கு தெரிந்த கைகள் அவருடையவை. அந்த அறிவைத்தான் அவர் நாடக மேடைக்குக் கொண்டுவந்தார்.

அக்காலத்து மேடையின் இரு பக்கங்களிலும் துணி இழுத்துக் கட்டி ஓவியம் தீட்டிய பாரம் குறைந்த தட்டிகள் வரிசையாக நிற்கும். ஒரு காடு அரண்மனையாக மாற வேண்டுமானால் ஒவ்வொரு தட்டியையும் ஒவ்வொருவர் தள்ள வேண்டும். ஒருவர் முந்துவார், இன்னொருவர் பிந்துவார். ஒரு பக்கத்தில் அரண்மனை வந்துவிடும், மறுபக்கத்தில் மரம் நிற்கும்.

1641இல் வெனிஸில் திறக்கப்பட்ட நொவிசிமோ அரங்கில் தொரெல்லி இதற்கு முடிவு கட்டினார். மேடைப் பலகையில் நீளமான இடைவெளிகளை வெட்டினார். ஒவ்வொரு தட்டியையும் ஒரு கம்பத்தில் பூட்டி, அந்தக் கம்பத்தை இடைவெளியூடாகக் கீழே இறக்கினார். மேடைக்கு அடியில் கம்பத்தைத் தாங்கச் சில்லு பூட்டிய சிறு வண்டி ஒன்று இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வண்டிகள். ஒன்று முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். எல்லா வண்டிகளின் கயிறுகளும் நடுவிலுள்ள ஒரே மர உருளையில் சுற்றப்பட்டிருந்தன. உருளையைச் சுழற்றுவது உயரத்தில் தொங்கிய ஒரு பாரம். கொளுவியை விடுவித்தால் பாரம் இறங்கும், உருளை சுழலும், எல்லாத் தட்டிகளும் ஒரே கணத்தில் மாறும். ஒரு சிறுவனே இதைச் செய்துவிடலாம் என்று அக்காலத்தவர்கள் வியந்தார்கள்.

இதில் செலவு எங்கே குறைகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பாரத்தை ஆறுதலாக முன்கூட்டியே தூக்கி வைத்துவிடுவதால், காட்சி மாறும் நேரத்தில் ஆள் பலம் தேவைப்படாது. தட்டி பாரம் குறைந்ததாக இருப்பதால் பொறியும் சிறிதாக இருந்தால் போதும். அடுத்த நாடகத்துக்கு வண்டியும் உருளையும் அப்படியே இருக்கும், தீட்டிய துணி மட்டுமே மாறும்.

புகழோடு பொறாமையும் வந்தது. வெனிஸில் ஆயுததாரிகள் அவரைத் தாக்கியதில் விரல்கள் சிலவற்றை இழந்தார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். உடலின் ஒரு பகுதியை இழந்தபின் அதே தொழிலைத் தொடர்வது என்றால் என்னவென்று எம்மிடையே பலருக்குத் தெரியும். தொரெல்லி தொடர்ந்தார்.

1645இல் பிரான்ஸின் அரச அழைப்பில் பாரிஸ் சென்றார். பெத்தி பூர்பொன் அரங்கை மாற்றியமைத்தார். 1647இல் பெருஞ்செலவில் மேடையேறிய ஓர்ஃபெயோ இசை நாடகத்துக்கு அவர் செய்த பொறிகள், 1650இல் கோர்னெய் எழுதிய அந்திரோமேத் நாடகத்தில் மீண்டும் பயன்பட்டன.

பின்னர் அரசவையின் தயவு வேறு பக்கம் திரும்பியது. மன்னன் பதினான்காம் லூயியின் திருமணத்தை ஒட்டிப் புதிய அரங்கு கட்ட விகரானி என்ற இன்னொரு இத்தாலியர் அழைக்கப்பட்டார். 1660இல் பெத்தி பூர்பொன் இடிக்கப்பட்டபோது, தொரெல்லியின் காட்சித் தட்டிகளைப் புதிய அரங்குக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்கிய விகரானி, அவற்றைத் தீயிட்டு அழித்தார். தொரெல்லியின் பெயர் மிஞ்சக்கூடாது என்பதே நோக்கம் என்று மொலியேர் குழுவின் நடிகர் லா கிராஞ்ச் தமது ஏட்டில் பதிந்து வைத்தார். எரித்தவர் கட்டிய பிரமாண்ட அரங்கு 1662இல் திறக்கப்பட்டது. அதன் பொறிகளின் இரைச்சலில் இசை அமுங்கியது என்று முறையிட்டார்கள். பிறகு அது அரிதாகவே பயன்பட்டது.

1661இல் நிதி அமைச்சர் ஃபூக்கேயின் மாளிகை விழாவுக்குத் தொரெல்லி மேடை அமைத்தார். சில வாரங்களில் ஃபூக்கே கைதானார். தொரெல்லி ஊர் திரும்பினார். அப்போது வயது ஐம்பதைக் கடந்திருந்தது. சொந்த ஊரான ஃபானோவில் ஃபொர்தூனா அரங்கை உருவாக்கினார். அது 1677இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் காலமானார்.

அவர் கட்டிய அந்த அரங்கு இன்று இல்லை. அதே பெயரில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த அரங்கும் போருக்குத் தப்பவில்லை. 1944இல் பின்வாங்கிய ஜேர்மன் படைகள் நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தகர்த்தபோது அரங்கும் சேதமடைந்தது. ஊரவர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். 1998இல் அது மீண்டும் திறந்தது.

ஆனால் அவரது முறை அழியவில்லை. காட்சிகள் செப்புத் தகட்டுச் சித்திரங்களாக அச்சாகியிருந்தன. வண்டியும் உருளையும் ஐரோப்பாவின் தச்சர்களிடம் பரவியிருந்தன. 18ஆம் நூற்றாண்டில் திதரோவின் கலைக்களஞ்சியம் அரங்கப் பொறிகளைப் படம் படமாக வரைந்து வெளியிட்டது. சுவீடனில் 1766இல் கட்டப்பட்ட திரொத்னிங்ஹோம் அரங்கில், இதே வழிவந்த மரப் பொறியை இன்றும் மனிதர்கள் கைகளால் சுழற்றிக் காட்சி மாற்றுகிறார்கள்.

1981இல் நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் நாங்கள். பிரதி இல்லாத ஏடு எரிந்தால் திரும்பி வராது என்பதை எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் கூத்துக் களரிகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் திரை கட்டியவர்கள், பந்தல் போட்டவர்கள், சீன் இழுத்தவர்கள் எத்தனையோ பேர். நடிகர்களின் பெயர்களாவது சில நினைவில் நிற்கின்றன. இவர்களது முடிச்சும் கப்பியும் எங்கும் எழுதப்படவில்லை. இடப்பெயர்வுகளில் பலர் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது.

ஆகவே என்னிடம் பழகும் பிள்ளைகளுக்கு இரண்டு வேலைகள் கொடுத்திருக்கிறேன். பழைய சைக்கிள் சில்லு, நைலோன் கயிறு, மண் நிரப்பிய சாக்கு ஆகியவற்றைக் கொண்டு தொரெல்லியின் உருளையைச் சிறிய அளவில் செய்து பார்ப்பது ஒன்று. ஊரிலுள்ள பழைய மேடைக்காரர் ஒருவரிடம் போய், அவர் கயிறு கட்டிய விதத்தைக் கொப்பியில் வரைந்து வருவது மற்றது. வரைந்ததை மூன்று வீடுகளில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.