ஸர் பிட்டி தியாகராய செட்டியாரும் சிறுதொழில் ஆதரவும்

ஸர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரை அறியாதார் நம் குலத்தில் இலர். ஆயினும் அவரைக் கட்சித் தலைவராக அறிந்தவர் பலர். கைத்தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் உழைத்தவராக அறிந்தவர் சிலரே. ஆதலின் அப்பகுதியையே ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1852-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 27-ஆம் தேதி தேவாங்கர் குடியிற் பிறந்த இவர், சென்னை இராஜதானிக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். அக்காலத்துப் பட்டதாரிகள் பெரும்பாலும் உத்தியோகத்தையே நாடினர். இவரோ குலத்தொழிலாகிய நெசவைக் கைவிட்டாரில்லை. ஏறக்குறைய நூறு தறிகளுடன் பிட்டி நெசவுச்சாலையை நடத்திவந்தார்.

சீமை ஆலைத்துணி மலிந்து, நம் தறிகள் தளர்ந்த காலம் அது. நாடாவைக் கையால் எறிந்து நெய்பவன் தன் கையெட்டும் அகலத்துக்கே துணி நெய்தல் கூடும். கயிற்றை இழுத்த மாத்திரத்தில் நாடா தானே ஓடும் விசைநாடாத் தறியிலோ அகலமும் மிகும், வேகமும் மிகும். இம்முறை இங்கிலாந்தில் 1733-லேயே தோன்றியது. செட்டியார் இதனைத் தம் நெசவுச்சாலையிற் புகுத்தினார். பழமையைப் போற்றுதல் வேறு, பழைய கருவியையே பற்றி நிற்றல் வேறு என்பதை இவர் செயலால் உணர்த்தினாரென்போம்.

தனித்தனியே நின்ற வியாபாரியின் குரல் அரசாங்கத்தின் செவியில் ஏறாது. ஐரோப்பிய வர்த்தகர் 1836-லேயே சென்னையில் தமக்கொரு வர்த்தக சங்கம் அமைத்துக்கொண்டனர். 1906-இல் அர்பத்நாட் கம்பெனி முறிந்து, எண்ணிறந்த குடும்பங்களின் சேமிப்பு அழிந்தபோது, ஒன்றுகூடி நிற்பதன் அவசியத்தை நம்மவரும் உணர்ந்தனர். 1909-இல் தென்னிந்திய வர்த்தக சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவருள் ஒருவராகிய செட்டியார் பல்லாண்டு அதன் தலைவராகவும் விளங்கினார். அச்சங்கம் ஒரு குலத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை நம்மவர் சிறப்பாகக் கருதவேண்டும்.

சென்னை நகரசபையில் 1882 முதல் நாற்பதாண்டளவு தொண்டு புரிந்து, 1920-இல் அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1916-இல் தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தை டாக்டர் நாயர், டாக்டர் நடேச முதலியார் முதலியோருடன் நிறுவினார். 1920-ஆம் வருஷத் தேர்தலில் வென்ற பின்னர், மந்திரிசபை அமைக்குமாறு கவர்னர் அழைக்க, செட்டியார் அப்பதவியை ஏலாது சுப்பராயலு ரெட்டியாருக்கு விட்டுக்கொடுத்தார்.

அக்கட்சி ஆட்சியிலேயே 1922-ஆம் வருஷத்துக் கைத்தொழில் உதவிச் சட்டம் இயற்றப்பட்டது. புதிய தொழில்களுக்கும் குடிசைத் தொழில்களுக்கும் அரசாங்கமே கடன் கொடுக்கவும், பாங்கிக் கடனுக்குப் பொறுப்பேற்கவும், நிலம் முதலியவற்றைச் சலுகையில் அளிக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. மாகாண அரசாங்கமொன்று தொழில் செய்வோனுக்குக் கைகொடுப்பது தன் கடமையென ஏற்றது பெரிய மாறுதலேயாம்.

ஆனால் உண்மையை மறைத்தல் நமக்கு அழகன்று. கடனுக்கு ஈடு வேண்டும். ஆலை வைத்தவனுக்குக் கட்டிடமும் யந்திரமும் ஈடாகும். ஒற்றைத் தறியும், மகாஜனிடம் கடனாகப் பெற்ற நூலும் உடைய நெசவாளி எதனை ஈடு காட்டுவான்? சட்டத்திற் குடிசைத் தொழிலின் பெயர் இருந்தும், அதன் பயன் குடிசைக்குள் போதிய அளவு புகவில்லை. இது செட்டியாரின் புகழுக்குக் குறைவன்று; அவர் தொடங்கிய பணி முற்றுப்பெறவில்லை என்பதே பொருள்.

1925-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ஆம் தேதி செட்டியார் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய தியாகராய நகரில் இன்று பட்டும் பருத்தியும் மலைபோற் குவிந்து விற்பனையாகின்றன. ஆண்டுதோறும் நாமும் அவர் படத்துக்கு மாலை சூட்டுகின்றோம். அம்மாலை வாடுமுன்னே, ஈடின்றித் தவிக்கும் தறிக்காரர் ஒருவருக்கேனும் நம்முள் வசதியுடையார் ஜாமீன் நிற்பாராயின், அதுவே அப்பெரியார்க்குச் செய்யும் உண்மையான வழிபாடாகும். அவர் எக்குலத்தவர் என்று கேளாதிருத்தலும் அவ்வழிபாட்டின் ஒரு பகுதியே என்று நம் அன்பர்களுக்கு விண்ணப்பித்துக்கொள்கின்றோம்.