படையைப் பிரிந்த பங்குத்தந்தை

ஆகஸ்டு 4-ஆம் நாள் புனித ஜான் மரிய வியான்னியின் திருவிழா. அன்று நம் பங்குத்தந்தையருக்கு மலர்ச்செண்டு அளித்து, வாழ்த்துப் பாடி மகிழ்கிறோம். அவர் பங்குக் குருக்களின் பாதுகாவலர் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அதே புனிதர் ஒரு காலத்தில் படையை விட்டு ஓடியவர் எனத் தேடப்பட்டு, வைக்கோலுக்குள் ஒளிந்து வாழ்ந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகிலுள்ள தார்திலி என்னும் சிற்றூரில், 1786-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், எளிய உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் நான்காமவர். அவருக்கு மூன்று வயதானபோது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ஆலயங்கள் மூடப்பட்டன, குருக்கள் மறைந்து வாழ்ந்தனர். 1799-இல் அவர் புதுநன்மை வாங்கியதும் ஒரு வீட்டில் இரகசியமாகத்தான். உள்ளே எரிந்த மெழுகுவர்த்தி ஒளி தெரியாதபடி, சன்னல்களுக்கு வெளியே வைக்கோல் வண்டிகளை நிறுத்தி வைத்தார்களாம்! குருவாக வேண்டும் என்ற ஆவல் அவர் நெஞ்சில் வளர்ந்தது. இருபது வயதில்தான் எக்குல்லி பங்குத்தந்தை பாலே அடிகளாரிடம் படிக்க வந்தார். இலத்தீன் இலக்கணம் அவரை மிகவும் வாட்டியது.

இதற்கிடையில் அந்நாட்டு இளைஞர் அனைவர் மேலும் ஒரு சட்டம் தொங்கிக் கொண்டிருந்தது. அதுவே கட்டாய இராணுவ சேவை. 1793-இல் பகைவர் நாட்டைச் சூழ்ந்தபோது, தாய்நாட்டைக் காக்க மக்கள் படை திரட்டப்பட்டது. 1798-இல் அது நிலையான சட்டமாயிற்று. 20 முதல் 25 வயது வரையுள்ள ஆண்கள் பெயர் பதிய வேண்டும். தேவையானபோது அரசு அழைக்கும். காவலுக்கென்று கட்டிய இந்த ஏற்பாடு, பேரரசன் நெப்போலியன் கைக்கு வந்ததும், அள்ள அள்ளக் குறையாத களஞ்சியமாக மாறியது. சுமார் 20 இலட்சம் பிரெஞ்சு இளைஞர்கள் அவன் காலத்தில் இவ்வாறு அழைக்கப்பட்டனர். பணமுள்ளவர்கள் கூலிக்கு மாற்றாள் பிடித்து அனுப்பலாம். ஏழை வீட்டுப் பிள்ளைகளோ போயே தீரவேண்டும்.

குருத்துவ மாணவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் வியான்னியின் பெயர் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்படாமல் போயிற்று. 1809-இல் அவருக்கும் அழைப்பு வந்தது. அப்போது நடந்தது ஸ்பெயின் நாட்டுப் போர். யாரைக் காக்க? தன் அண்ணன் ஜோசப்பை 1808-இல் ஸ்பெயின் அரியணையில் அமர்த்தினான் நெப்போலியன். அந்த அரியணை சாயாதிருக்கத் தார்திலியின் உழவர் மகன் துப்பாக்கி ஏந்த வேண்டியதாயிற்று. தந்தை அரும்பாடுபட்டு ஒரு மாற்றாளைப் பேசினார். அவனோ சில நாட்களில் மனம் மாறிவிட்டான்.

படையில் சேர்ந்த இரண்டு நாட்களில் வியான்னி நோயுற்றார். லியோன் மருத்துவமனையிலும், பின்பு ரோவான் மருத்துவமனையிலும் கிடந்தார். 1810 சனவரியில் புறப்பட வேண்டிய வேளையில், ஆலயத்திற்குச் சென்று செபத்தில் ஆழ்ந்துவிட்டார். திரும்பி வந்தபோது படைப்பிரிவு போய்விட்டிருந்தது! தளர்ந்த உடலுடன் அதைப் பின்தொடர்ந்து நடந்தவரை, வழியில் சந்தித்த ஓர் இளைஞன் மலைப் பக்கமாக அழைத்துச் சென்றான். அங்கே லே நோயஸ் என்ற சிற்றூரில் படைக்குத் தப்பிய பலர் ஒளிந்திருந்தனர். நான்கு பிள்ளைகளுடைய குளோதின் ஃபாயோ என்ற கைம்பெண் அவரைத் தன் மகன் போல் ஆதரித்தார். ஜெரோம் வின்சென்ட் என்ற மாற்றுப் பெயரில், அவ்வூர்ச் சிறுவர் சிறுமியருக்கு எழுத்தும் ஞானோபதேசமும் கற்பித்தார் வியான்னி. காவலர் தேடி வந்த நாட்களில் வைக்கோலுக்குள் மூச்சடக்கிக் கிடந்தார்.

1810-இல் நெப்போலியனின் திருமணத்தையொட்டி, தப்பியோடியவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. எனினும் வியான்னிக்குப் பதிலாக, அவருடைய தம்பி பிரான்சுவா தன் முறை வருமுன்பே படைக்குச் சென்றான். 1811 தொடக்கத்தில் அண்ணன் வீடு திரும்பினார். சில வாரங்களில் அன்னை மறைந்தார். போருக்குச் சென்ற தம்பியோ வீடு திரும்பவே இல்லை.

இந்த இடத்தில் நம் கண்கள் கலங்குகின்றன. ஒருவன் அண்ணன் அரியணை ஏற, இன்னொருவர் தம்பி இல்லம் திரும்பாமல் போனானே! ஒருவர் விலகினால் போர் நிற்கவில்லை. அந்த இடத்தை வேறொரு தாயின் மகன், சில வேளைகளில் அதே தாயின் இன்னொரு மகன், நிரப்ப வேண்டியிருந்தது.

எல்லா வீட்டுப் பிள்ளைகளும் போகவேண்டும் என்றிருந்தால், ஆள்வோர் போருக்கு அஞ்சுவார்கள் என்று சிலர் வாதிடுகின்றனர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சுவிட்சர்லாந்தில் ஆண்களுக்குப் படைச் சேவை கட்டாயம். ஆயினும் 1815-க்குப் பின் அந்நாடு எந்த அயல்நாட்டோடும் போரிட்டதில்லை. அங்கே படை வேலியாக இருக்கிறது. நெப்போலியனைத் தடுக்கவோ யாருமில்லை. 1812-இல் ரஷியாவில் பெரும் படையை இழந்தான். அடுத்த ஆண்டே வயது நிரம்பாத சிறுவர்களையும் அழைத்தான். கேட்டவுடன் ஆள் கிடைத்ததால், போரை நிறுத்தவேண்டிய தேவையே அவனுக்கு ஏற்படவில்லை. ஆகவே சட்டம் இருப்பது மட்டும் போரைத் தடுக்காது. மன்னனைக் கேள்வி கேட்கும் உரிமை மக்களுக்கு இல்லாத இடத்தில், அது போருக்கே துணைபோகிறது.

வாட்டர்லூவில் நெப்போலியன் வீழ்ந்தது 1815 சூன் 18. எட்டு வாரங்கள் கழித்து, ஆகஸ்டு 13-இல், வியான்னி குருவானார். 1818-இல் சுமார் 230 பேரே வாழ்ந்த ஆர்ஸ் என்னும் குக்கிராமத்திற்கு வந்தார். 1824-இல் ஏழைச் சிறுமியருக்கென அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். நாளுக்கு 16 மணி நேரம் வரை பாவசங்கீர்த்தனம் கேட்டார். 41 ஆண்டுகள் உழைத்து, 1859 ஆகஸ்டு 4-இல் இறைவனடி சேர்ந்தார். 1925-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

பேரரசனுக்கு வேண்டியிருந்தது எண்ணிக்கையில் இன்னும் ஓர் ஆள். ஆர்ஸ் நகருக்குக் கிடைத்ததோ ஒரு புனிதர். அந்த எண்ணிக்கையில் மறைந்துபோன ஒவ்வொருவரும் என்னவாகியிருப்பார்களோ, இறைவன் ஒருவரே அறிவார். எனவே தோழியரே, அடுத்த ஆகஸ்டு 4-இல் அண்ணனின் திருவிழாவைக் கொண்டாடும்போது, வீடு திரும்பாத அந்தத் தம்பிக்காகவும் ஒரு செபம் சொல்வோமாக!