நாடகம் கற்பித்த நல்லாசிரியர்



சங்கத்தின் ஆண்டு விழாவில் இம்முறை தமிழ் நாடகம் வேண்டாம் என்று செயற்குழுவில் முதலில் சொன்னவன் நான்தான். நடிக்க வருவோரில் பாதிப்பேர் தமிழகத்துக்கு வெளியே பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் பேசுவார்கள்; எழுத்துக் கூட்டிப் படிக்க அறியார்கள். எனக்கோ ஆய்வுக்கூடத்தில் இரவு பத்து மணி வரை வேலை. நாலு திரைப்படப் பாட்டுகளோடு விழாவை முடித்துவிடலாம் என்றேன். அவ்வாறு சொன்ன வாரத்தில்தான் பரிதிமாற்கலைஞரின் வரலாறு என் கைக்கு வந்தது. படித்து முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870 ஜூலை 6ஆம் நாள் பிறந்தவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் சூரியநாராயணன். மதுரையில் சபாபதி முதலியாரிடம் தமிழ் கற்றார். பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று 1892இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மாணவராய் இருந்தபோதே, கல்லூரி முதல்வர் மில்லர் டெனிசன் பாட்டில் வரும் ஒரு துடுப்பு உவமையைப் புகழ, அதற்கு ஈடாகக் கம்பனிலிருந்து ஒன்றை எடுத்துக்காட்டி அவரை வியக்க வைத்தார் என்றொரு செய்தி வழங்கி வருகிறது.

பட்டம் பெற்றவருக்குத் தத்துவம் கற்பிக்கும் பதவி காத்திருந்தது. அவர் தமிழாசிரியர் பதவியையே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். கல்லூரிகளில் தமிழாசிரியருக்கு மதிப்புக் குறைந்திருந்த காலம் அது என்பதை எண்ணினால்தான் அதன் அருமை விளங்கும். 1893இல் தாம் படித்த கல்லூரியிலேயே ஆசிரியர் ஆனார். தமிழார்வம் மிக்க இளைஞர்களைத் தம் இல்லத்துக்கு வரவழைத்துப் பொருள் பெறாமல் பாடம் சொன்னார். அவர்களுக்கு இயற்றமிழ் மாணவர் என்று பெயரும் இட்டார்.

அக்காலத்தில் கற்றோர் பலர் நாடகத்தைக் கூத்தாடிகளின் தொழில் என்று ஒதுக்கினர். முத்தமிழில் ஒரு தமிழ் இவ்வாறு புறக்கடையில் கிடப்பதா என்று அவர் உள்ளம் நொந்தது போலும். 1891இல் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்திருந்தது. அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியிருந்தார். இக்காலத்தில்தான் நம் ஆசிரியரும் ரூபாவதி, கலாவதி ஆகிய நாடகங்களை எழுதினார். அந்நாடகங்களில் அவரே பெண் வேடம் புனைந்து நடித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். கல்லூரிப் பேராசிரியர் அன்று அரிதாரம் பூசினார் என்றால், ஊர் வாயை மூடும் உலைமூடி எங்கே கிடைத்திருக்கும்! அவர் அஞ்சவில்லை.

நாடகத்துக்கு இலக்கணம் வேண்டும் என்று கருதி 1897இல் நாடகவியல் என்னும் நூலை நூற்பாக்களால் ஆக்கினார். வடமொழி மரபையும் மேல்நாட்டு மரபையும் கற்றுத் தமிழுக்கு ஏற்ப வகுத்த நூல் அது. சிறைப்பட்டும், காலந்தாழ்த்தி வந்த நீரைப் பருகாது மானம் காத்த சேரமான் கணைக்கால் இரும்பொறையின் கதையை மானவிஜயம் என்னும் நாடகமாக்கினார்.

குறையும் சொல்ல வேண்டும். அந்நாடகங்களின் நடை கடினமானது. இன்று அவற்றை மேடையேற்றுவோர் அரியர். நானும் அகராதியின் துணையோடுதான் ரூபாவதியைப் படித்தேன். ஆயினும், நாடகம் கல்லூரியில் கற்கவும் கற்பிக்கவும் தக்க கலை என்று அவர் நாட்டிய எண்ணம் மறையவில்லை.

தனிப்பாசுரத் தொகையை வெளியிட்டபோதுதான் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். 1902இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்கும் முயற்சி எழுந்தபோது, மு. சி. பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து அதை எதிர்த்து வாதாடினார். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று தமிழ்மொழியின் வரலாறு என்ற நூலில் நிறுவினார். அந்நூல் வெளிவந்த 1903ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 2ஆம் நாள், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது முப்பத்து மூன்று. இந்திய அரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தது 2004இல். அவர் மறைந்து நூறாண்டு கடந்திருந்தது. 2006இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது.

எனக்கு இப்போது வயது இருபத்து மூன்று. இந்த வயதில் அவர் கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். நேரமில்லை என்று நான் சொன்னதை நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே செயற்குழுவில் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். வரும் ஞாயிறு முதல் காலை பத்து மணிக்கு என் விடுதி அறையில் அரிச்சுவடி வகுப்பு. எழுத்து அறியாத தம்பி தங்கையர் வாருங்கள். உங்கள் வசனத்தை இவ்வாண்டு நீங்களே தமிழ் எழுத்தில் படித்து மனப்பாடம் செய்யவேண்டும். நாடகம் சிறியதாயினும் சரி, பிழை மலிந்ததாயினும் சரி, மேடையேறட்டும்.